ஜின்ஜாவிலிருந்து: லுசோகா பேசும் மக்களைப் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

உகாண்டாவின் ஜின்ஜா நகரத்தில் சில வருடங்களாக இருக்கிறேன். ஊரிலிருந்து பேசுகிறவர்கள், இங்கே வேலைக்கு வரப்போகிறவர்கள், சும்மா தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். அக்கம்பக்கத்து மக்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகளும் சில நடுவில் வரும். அவற்றைத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஊரைப் புரிந்துகொள்ள முடியாது.

லுசோகா எங்கே பேசுகிறார்கள்?

உகாண்டாவின் கிழக்குப் பகுதியில் புசோகா என்று ஒரு பகுதி இருக்கிறது. நாலு பக்கமும் தண்ணீர். மேற்கே நைல், தெற்கே விக்டோரியா ஏரி, வடக்கே கியோகா ஏரி, கிழக்கே ம்போலோகோமா ஆறு. இந்த எல்லைக்குள் ஜின்ஜா, இகாங்கா, கமுலி, கலிரோ, மயுகே, புகிரி, லுவுக்கா, புயெண்டே, நமுடும்பா, நமயிங்கோ, புக்வேரி மாவட்டங்கள் வருகின்றன. ஜின்ஜா 2020-ல் மாநகரமானது. 2014 கணக்கெடுப்பில் லுசோகாவைத் தாய்மொழியாகக் கொண்ட இந்த இனத்தார் கிட்டத்தட்ட 30 லட்சம் பேர்.

புசோகா, லுசோகா, பசோகா என்று மாறி மாறி வருகிறதே, எது சரி?

எல்லாமே சரி. இந்த மொழியில் சொல்லின் முன்னால் ஒட்டுகிற எழுத்து பொருளை மாற்றும். ஊர் என்றால் புசோகா. மொழி என்றால் லுசோகா. ஒரு ஆள் முசோகா, பல பேர் பசோகா. இது பிடிபட்டுவிட்டால் பாதி மொழி பிடிபட்ட மாதிரி.

லுகாண்டா தெரிந்தால் போதாதா? தனியாக லுசோகா எதற்கு?

கம்பாலாவில் பேசும் லுகாண்டாவும் லுசோகாவும் நெருங்கிய உறவு. ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பெரும்பாலும் புரியும். தண்ணீர் லுகாண்டாவில் 'அமாஸ்ஸி', லுசோகாவில் 'அமாதி'. 'ரொம்ப' என்பதற்கு அங்கே 'ன்யோ', இங்கே 'இன்ஹோ'. லுசோகாவில் நாக்கு பல்லைத் தொட்டுப் பிறக்கும் ஒலிகள் நிறைய உண்டு. நம்முடைய த, ந போலவே இருப்பதால் தமிழ்க்காதுக்குச் சட்டென்று பிடித்துவிடும். பக்கத்து வீட்டுப் பெரியவர் என் உச்சரிப்பை முதலில் பாராட்டியது இந்த ஒலிகளுக்காகத்தான்.

ஆனால் புரிவது வேறு, மனதில் தைப்பது வேறு. மிஷனரி காலத்திலிருந்தே வேதம், ஜெபப் புத்தகம், பள்ளிப் பாடம் எல்லாம் லுகாண்டாவில்தான் வந்தன. வீட்டில் பேசும் மொழிக்கு எழுத்தில் இடமில்லை என்று மூன்று தலைமுறைப் பிள்ளைகள் நினைத்து வளர்ந்துவிட்டார்கள். 2007-ல் ஆரம்பப் பள்ளியின் முதல் மூன்று வகுப்புகளுக்கு அந்தந்தப் பகுதி மொழியில் பாடம் என்ற திட்டம் வந்த பிறகுதான் லுசோகா வகுப்பறைக்குள் கொஞ்சம் நுழைந்தது. 2009-ல் மினா நபிரியே என்ற மொழியியலாளர் லுசோகாவுக்கு லுசோகாவிலேயே பொருள் சொல்லும் அகராதியை வெளியிட்டார். ஒரு மொழி தன்னைத் தானே விளக்கிக்கொள்கிற அளவுக்கு எழுந்து நின்றதை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன்.

நடைமுறையில் இது எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு கிராமத்துத் தடுப்பூசி முகாமில் பார்த்தேன். அதிகாரி ஆங்கிலத்தில் பேச, இன்னொருவர் லுகாண்டாவில் சொல்ல, பெண்கள் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசியாகக் கிராம சுகாதாரக் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மா எழுந்து லுசோகாவில் அதையே சொன்னார். அப்புறம்தான் கேள்விகள் வந்தன. காய்ச்சல் வருமா, அடுத்த ஊசி எப்போது, கார்டு தொலைந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொருத்தராகக் கேட்டார்கள். அதுவரை அவர்கள் கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார்கள்.

உள்ளூர்ச் செய்தி மக்களுக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

வானொலிதான் முதலில். ஜின்ஜா, இகாங்கா பக்கம் லுசோகாவில் பேசும் எஃப்.எம். நிலையங்கள் இருக்கின்றன. கரும்பு விலை, சாலை விபத்து, கால்பந்து, காணாமல் போன மாடு, இன்றைக்கு எந்த ஊரில் அடக்கம், எல்லாம் அதில் வரும். இறப்பு அறிவிப்பை யாரும் பாதியில் நிறுத்த மாட்டார்கள். பேரன், பேத்தி, மருமகன் என்று உறவுகளின் பெயரை வரிசையாக வாசிப்பார்கள். அடுப்பங்கரையில் இருப்பவர்கள்கூடக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

அடுத்தது கம்பத்தில் கட்டின ஒலிபெருக்கி. சந்தை கூடுகிற சின்ன ஊர்களில் விடியற்காலையிலேயே அது பேச ஆரம்பித்துவிடும். போடா போடா என்று சொல்லும் மோட்டார் சைக்கிள் வாடகைக்காரர்கள் நிற்கிற இடம் இன்னொரு செய்தி நிலையம். இப்போது வாட்ஸ்அப் குழுக்களும் சேர்ந்துவிட்டன. அதனால் வதந்தியும் சேர்ந்துவிட்டது. ஒரு செய்தி உண்மையா என்று தெரிய வேண்டுமானால் இங்கே உள்ளவர்கள் எல்.சி. ஒன் தலைவரிடம் கேட்பார்கள். கிராம அளவிலான மக்கள் மன்றத்தின் தலைவர் அவர். தலைவரிடம் கேட்டுவிட்டு அடுத்தவருக்கு அனுப்புங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

இப்போதைக்கு மக்கள் அதிகம் பேசுவது எதைப் பற்றி?

கரும்பு. எந்தப் பேச்சை எடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் கரும்புக்கு வந்துவிடும்.

கதை பழையது. ஜின்ஜா பக்கத்துக் கக்கிராவில் முல்ஜிபாய் மாத்வானி 1930-ல் சர்க்கரை ஆலை தொடங்கினார். 1972-ல் இடி அமின் ஆசியர்களை 90 நாளில் வெளியேறச் சொன்னபோது அந்தக் குடும்பமும் போனது. 1980-களில் திரும்பி வந்து ஆலையை மறுபடி ஓட்டினார்கள். பிறகு கமுலி, கலிரோ, மயுகே என்று வேறு ஆலைகளும் வந்தன. ஆலைகள் கூடக்கூடச் சின்ன விவசாயிகளும் கரும்புக்கு மாறினார்கள். ஒரு காலத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, மக்காச்சோளம், நிலக்கடலை, பீன்ஸ், காப்பி இருந்த நிலத்தில் இப்போது வீட்டுச் சுவர் வரைக்கும் கரும்பு நிற்கிறது. இகாங்காவிலிருந்து கமுலி பக்கம் போகிற மண் சாலையில் இரண்டு பக்கமும் கரும்புச் சுவர்தான். நடுவில் வீடு இருப்பதே புகை எழும்பினால்தான் தெரியும்.

கரும்பில் தப்பு எதுவும் இல்லை. பள்ளிக் கட்டணம் கட்டியிருக்கிறது, தகரக் கூரை போட்டிருக்கிறது. சங்கடம் அதன் கணக்கில் இருக்கிறது. முதல் வெட்டுக்குப் பதினெட்டு மாதம் ஆகும். அதுவரை அந்த நிலம் ஒரு வேளைச் சோறு தராது. வெட்டும் நேரத்தில் விலை இறங்கியிருந்தால் காத்திருக்கவும் முடியாது, வெட்டின கரும்பு நாளுக்கு நாள் எடை குறையும். கையில் பணம் இல்லாத குடும்பம் முளைக்கிற பருவத்திலேயே வியாபாரியிடம் குறைந்த விலைக்கு விற்றுவிடும். இன்னும் சிலர் நிலத்தையே சில வருடங்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, சாப்பிடுகிற கிழங்கைக் கடையில் வாங்குகிறார்கள். கிழங்கு விளைந்த மண்ணில் கிழங்கை எடை போட்டு வாங்குவது எவ்வளவு வருத்தமான காட்சி! பையன்கள் கரும்பு வெட்டவும் லாரியில் ஏற்றவும் போய்ப் பள்ளியை விடுகிறார்கள்.

அப்படியானால் கரும்பு போடக் கூடாதா?

என்னிடம் அடிக்கடி இதைக் கேட்பது உள்ளூர் நண்பர்கள்தான். நான் விவசாய நிபுணன் இல்லை. ஆனால் நன்றாக வாழ்கிற குடும்பங்களைப் பார்த்து ஒன்று கற்றிருக்கிறேன். அவர்கள் முதலில் சாப்பாட்டுக்கு நிலம் ஒதுக்குகிறார்கள், மிச்சத்தில்தான் கரும்பு. என் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இரண்டு ஏக்கர். வீட்டைச் சுற்றி அரை ஏக்கரில் சர்க்கரைவள்ளியும் மரவள்ளியும் பீன்ஸும். ஓரத்தில் வாழை. கணவர் அதையும் கரும்புக்குக் கொடுக்கலாம் என்று சொன்னபோது, "பிள்ளைகளுக்குக் கரும்பை வேக வைத்துக் கொடுப்பீர்களா?" என்று கேட்டாராம். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

இங்கே மழை வருடத்தில் இரண்டு தடவை. மார்ச் முதல் மே வரை ஒன்று, செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னொன்று. அதனால் அந்த அரை ஏக்கரில் வருடத்துக்கு இரண்டு விளைச்சல் எடுக்கலாம். கரும்பு ஒரு தடவை முதிர்வதற்குள் பீன்ஸ் மூன்று தடவை வீட்டுக்கு வந்துவிடும்.

நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கும்போதோ விற்கும்போதோ எதைக் கவனிக்க வேண்டும்?

புசோகாவில் பெரும்பாலான நிலத்துக்குப் பட்டா என்று காகிதம் கிடையாது. குலத்தின் வழியாக, அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிற மரபுவழி உரிமை. எல்லை எங்கே என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரியும், எல்லையில் நட்ட செடிகளுக்குத் தெரியும். அதனால் சில விஷயங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது.

எல்லையை நடந்து பார்க்கும்போது இரண்டு பக்கத்து நிலக்காரர்களும் கூட நடக்க வேண்டும். ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, எல்.சி. ஒன் தலைவர் முன்னிலையில் சாட்சிகளோடு கையெழுத்து வாங்க வேண்டும். எத்தனை வருடம், எத்தனை வெட்டு என்று இரண்டையும் எழுத வேண்டும். கரும்பு வெட்டின கட்டையிலிருந்து மறுபடி தழையும், அதனால் 'கரும்பு இருக்கும் வரை' என்று எழுதினால் நிலம் எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அப்படி ஒரு வரிக்காக நாலு வருடம் காத்திருந்தது.

இன்னொன்று சட்டத்திலேயே இருக்கிறது. குடும்பம் குடியிருந்து பிழைக்கிற நிலத்தை விற்பதற்கும் குத்தகை விடுவதற்கும் அடமானம் வைப்பதற்கும் கணவன் மனைவி இருவரின் சம்மதமும் வேண்டும் என்று உகாண்டாவின் 1998 நிலச் சட்டம் சொல்கிறது. பல பெண்களுக்கு இது தெரியாது. லுசோகாவில் யாராவது சொல்லும்போது, "நிஜமாகவா?" என்று திரும்பக் கேட்கிறார்கள். மரபுவழி நிலத்துக்கும் உரிமைச் சான்றிதழ் வாங்க அதே சட்டத்தில் வழி இருக்கிறது. துணை மாவட்டத்தின் நிலக் குழுவில் விண்ணப்பத்தைத் தொடங்க வேண்டும்.

புசோகாவுக்கு அரசர் உண்டா?

உண்டு. கியாபசிங்கா என்பது பட்டம். பதினோரு பரம்பரைத் தலைவர்களின் ஆட்சிப்பகுதிகள் சேர்ந்ததுதான் புசோகா. அரச வம்சத் தலைவர்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள், அப்பாவுக்குப் பின் மகன் என்று நேராகப் போகாது. 1939-ல் அந்தப் பகுதிகளில் ஒன்றான புலமோகியின் எசெக்கியேல் வாக்கோ முதல் கியாபசிங்கா ஆனார். 1960-களில் நாடு முழுவதும் பரம்பரை அரசுகள் ஒழிக்கப்பட்டன, 1995-ல் ஹென்றி வாக்கோ முலோகியோடு புசோகாவின் அரச பதவி திரும்ப வந்தது. அவர் 2008-ல் காலமான பிறகு யார் வாரிசு என்று ஆறு வருடம் இழுபறி. 2014 செப்டம்பரில் நான்காம் வில்லியம் கபுலா நடியோப்பே பட்டமேற்றார். அவர் தாத்தா சுதந்திர உகாண்டாவின் முதல் துணை ஜனாதிபதி.

2023 நவம்பர் 18-ம் தேதி புகெம்பே கதீட்ரலில் அவருக்கும் ஜோவியா முட்டேசிக்கும் திருமணம். ராணிக்கு 'இன்ஹெபந்து' என்று பட்டம், மக்களின் தாய் என்று அர்த்தம். அந்த நாட்களில் எங்கள் தெருவில் பேச்சு வேறு எதுவும் இல்லை.

அரசருக்கு ஆட்சி அதிகாரம் கிடையாது. ஆனால் பையன்களைப் பள்ளிக்கு அனுப்புங்கள், பெண் பிள்ளைகளைச் சீக்கிரம் கட்டிக்கொடுக்காதீர்கள் என்று அரண்மனையிலிருந்து லுசோகாவில் ஒரு வார்த்தை வந்தால் பெரியவர்கள் காது கொடுக்கிறார்கள்.

நைல் நதி அங்கிருந்துதான் தொடங்குகிறதா?

விக்டோரியா ஏரியிலிருந்து வெள்ளை நைல் வெளியேறுகிற இடம் ஜின்ஜா. உள்ளூரில் நதிக்குப் பெயர் கியிரா. 1862-ல் ஸ்பீக் என்ற ஆங்கிலேயர் இங்கே வந்து நைலின் ஊற்றைக் கண்டுபிடித்தேன் என்றார். அங்கே குளித்துக்கொண்டும் மீன் பிடித்துக்கொண்டும் இருந்த பசோகா மக்களுக்கு அது ஏற்கெனவே தெரிந்த இடம். அவர் பார்த்த ரிப்பன் அருவி 1954-ல் திறந்த ஓவன் அருவி அணையால் மூழ்கிவிட்டது. அந்த அணைக்கு இப்போது நலுபாலே என்று பெயர். அதன் பக்கத்தில் கியிரா, கீழே புஜகாலி, இன்னும் கீழே இசிம்பா என்று மின் நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. புஜகாலி மட்டும் 250 மெகாவாட். இத்தனைக்கும் நடுவே, மின்கம்பி தலைக்கு மேலே போகிற கிராமங்களில் இன்னும் மண்ணெண்ணெய் விளக்கும் சின்ன சூரியத் தகடும்தான். எனக்கு இது ஒருநாளும் பழகவில்லை.

நைல் ஊற்றுக் கரையில் காந்தியின் மார்பளவுச் சிலை இருக்கிறது. 1948-ல் அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியை இங்கே கரைத்தார்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கட்டாயம் நிற்கிற இடம்.

அங்கே என்ன நோய்கள் அதிகம்? எப்படிப் பாதுகாத்துக்கொள்வது?

மலேரியாதான் முதலிடம். கொசுவலைக்குள் தூங்குங்கள், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். சின்னக் குழந்தைக்கு ஒரு நாள் தாமதம்கூட ஆபத்து. 2025 ஏப்ரலில் உகாண்டா குழந்தைகளுக்கான மலேரியா தடுப்பூசியைத் தொடங்கியது. நாலு தவணையும் போட்டால்தான் முழுப் பலன், நாலாவது குழந்தைக்கு ஒன்றரை வயதில் வருகிறது. நிறையத் தாய்மார் மூன்றோடு மறந்துவிடுகிறார்கள்.

ஏரிக்கரையில் இருப்பவர்களுக்கு பில்ஹார்சியா. கரையோரத் தண்ணீரில் இருக்கும் நத்தையிலிருந்து வெளிவரும் புழு, தோல் வழியாக உடம்புக்குள் போகும். தண்ணீரில் நின்று துணி துவைப்பவர்கள், மீன் பிடிப்பவர்கள், விளையாடுகிற பிள்ளைகள் எல்லோருக்கும் வரும். பிராசிகுவாண்டல் மாத்திரை நன்றாகக் கேட்கும். ஊருக்கு மாத்திரை கொடுக்க வரும்போது வேண்டாம் என்று ஓடாதீர்கள். சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள், தலைசுற்றல் குறையும்.

ஜிக்கர் என்கிறார்களே, அது என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஜிக்கர் என்பது மண்ணில் வாழும் ஒரு தெள்ளுப்பூச்சி. பெண் பூச்சி காலில், முக்கியமாக நகத்தடியிலும் குதிகாலிலும், தோலைத் துளைத்து உள்ளே போய் முட்டையோடு பட்டாணி அளவுக்கு வீங்கும். வெள்ளை வட்டம், நடுவில் கறுப்புப் புள்ளி, அதுதான் அடையாளம். ஒன்றிரண்டு என்றால் அரிப்பு. ஐம்பது அறுபது என்றால் நடக்க முடியாது. நகம் விழும், புண் சீழ் பிடிக்கும், பிள்ளை பள்ளிக்குப் போகாது. 2009, 2010 வாக்கில் புசோகாவில் இது பெரிய அளவில் பரவி நாட்டையே உலுக்கியது.

மக்கள் இதை வெட்கமாக நினைத்து மறைப்பதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. சூனியம் என்றும் பரம்பரைச் சாபம் என்றும் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சாபம் ஒன்றும் கிடையாது. மண் தரை, புழுதி, செருப்பில்லாத கால், வீட்டுக்குள் படுக்கும் பன்றி அல்லது நாய், இவ்வளவுதான் காரணம்.

ஊசியால் தோண்டி எடுப்பது பழைய வழக்கம். ஒரே ஊசியை வீடு முழுக்கச் சுற்றவிடுவது மிகவும் ஆபத்து. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை, டெட்டனஸ் எல்லாம் அந்த ஊசியில் பயணம் செய்யும். எடுப்பதாயிருந்தால் காலை சோப்பு போட்டுக் கழுவி, ஒருவருக்கு ஒரு புது ஊசி, எடுத்த பின் கிருமிநாசினி. டைமெத்திகோன் எண்ணெய் கிடைத்தால் தோண்டவே வேண்டாம், பூசினால் பூச்சி உள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். சுகாதார நிலையத்தில் கேளுங்கள். தரையைத் தினமும் தண்ணீர் தெளித்துப் பெருக்குங்கள், புழுதி எழும்பாத மாதிரி மெழுகுங்கள். பிள்ளைக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுங்கள். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகளின் கால்விரலைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிற ஒரு பாட்டியை எனக்குத் தெரியும். அந்த வீட்டில் ஐந்து பேரப்பிள்ளைகள், ஒருவருக்கும் ஜிக்கர் இல்லை.

பெண் பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டாள், என்ன செய்வது?

கோவிட் சமயத்தில் உகாண்டாவின் பள்ளிகள் 2020 மார்ச்சில் மூடி, முழுதாகத் திறக்க 2022 ஜனவரி ஆனது. அந்த இடைவெளியில் புசோகாவில் எத்தனையோ சிறுமிகள் கர்ப்பமானார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ள பெண்ணோடு உறவு வைப்பது இங்கே கடும் குற்றம். ஆனாலும் இரண்டு ஆடும் கொஞ்சம் பணமும் வாங்கிக்கொண்டு பெரியவர்கள் சமாதானம் பேசி முடித்துவிடுவது நடக்கிறது. அந்தச் சமாதானத்தில் பெண்ணுக்கு என்ன கிடைத்தது என்று யாரும் கேட்பதில்லை. தயவுசெய்து கேளுங்கள்.

குழந்தை பெற்ற பெண்ணைப் பள்ளியில் திரும்பச் சேர்க்க வேண்டும் என்பது கல்வி அமைச்சகத்தின் வழிகாட்டு விதி. தலைமையாசிரியர் தயங்கினால் மாவட்டக் கல்வி அதிகாரியிடம் போகலாம். குழந்தைகளுக்கு எதிரான கொடுமை எதுவானாலும் 116 என்ற எண்ணுக்குக் கட்டணம் இல்லாமல் பேசலாம். தையல், முடி அலங்காரம் என்று கைத்தொழிலுக்கு அனுப்புவதும் நல்லதுதான், ஆனால் அந்தப் பெண்ணுக்குப் படிக்க ஆசையா என்று முதலில் அவளிடமே கேட்க வேண்டும். ஆப்பிரிக்காவிலேயே ஒரு நாட்டின் முதல் பெண் துணை ஜனாதிபதியான ஸ்பெசியோசா வண்டிரா கசிப்வே இந்த மண்ணில் பிறந்தவர். உகாண்டா நாடாளுமன்றத்தின் முதல் பெண் சபாநாயகர் ரெபெக்கா கடாகா கமுலிக்காரர். பெண் பிள்ளை படித்து என்ன ஆகப்போகிறது என்று யாராவது கேட்டால் நான் இந்த இரண்டு பெயரையும் சொல்வேன்.

பணத்தை எங்கே சேமிப்பது? போன் பணத்தில் ஏமாற்று நடக்கிறதாமே?

போனில் வரும் மொபைல் மணி இல்லாமல் இங்கே ஒரு நாளும் ஓடாது. ஏமாற்று ஒரே மாதிரிதான் வருகிறது. "தவறுதலாக உங்களுக்குப் பணம் அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று அழுகிற குரல். கூடவே ஒரு போலிக் குறுஞ்செய்தி. மிச்சத் தொகையை நீங்களே பாருங்கள், கூடியிருக்காது. ரகசிய எண்ணை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள், கம்பெனியிலிருந்து பேசுகிறேன் என்று சொன்னாலும்.

சேமிப்புக்கு நான் மதிப்பது கிராமத்துச் சேமிப்புக் குழுக்களை. இருபது முப்பது பேர், பெரும்பாலும் பெண்கள், வாரம் ஒருநாள் மரத்தடியில் கூடுவார்கள். நடுவில் ஒரு இரும்புப் பெட்டி. அதற்கு மூன்று பூட்டு, மூன்று சாவி மூன்று பேரிடம், பெட்டி நாலாமவர் வீட்டில். எல்லோர் கண்முன்னே திறந்து, எண்ணி, ஒவ்வொருவர் புத்தகத்திலும் முத்திரை குத்தி மூடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் முத்திரையை எண்ணித் தன் கணக்கைச் சொல்லிவிடுவார். வருடக் கடைசியில் பங்கு பிரிப்பு. நிறையப் பேர் அதை வைத்துத்தான் பள்ளிக் கட்டணம் கட்டுகிறார்கள்.

சாப்பாடு எப்படி?

வேக வைத்த சர்க்கரைவள்ளி, மரவள்ளி, வாழைக்காயை மசித்த மட்டோக்கே, நிலக்கடலைக் குழம்பு, ஏரி மீன். தெருவில் ரோலெக்ஸ் சாப்பிடாமல் வராதீர்கள். கரி அடுப்பு, மேலே தட்டைக் கல். பிளாஸ்டிக் குவளையில் முட்டையோடு தக்காளி, வெங்காயம், முட்டைக்கோஸ் அடித்துக் கல்லில் ஊற்றி, மேலே சப்பாத்தியைப் போட்டுத் திருப்பிச் சுருட்டிக் கொடுப்பார்கள். சப்பாத்தி இந்தியர்களோடு வந்தது, அதை முட்டையோடு சுருட்டியது புசோகாக்காரர்கள் என்பது இங்குள்ள பேச்சு. 'ரோல்டு எக்ஸ்' வேகமாகச் சொல்லி ரோலெக்ஸ் ஆகிவிட்டது.

பாட்டு, கூத்து?

பிக்வாலா என்று ஒன்று உண்டு. நீளச் சுரைக்காயைக் குடைந்து செய்த ஊதுகுழல்கள், குறைந்தது ஐந்து. ஒவ்வொன்றும் ஒரே ஒரு சுரம்தான் ஊதும். உன் சுரம் வரும்போது நீ ஊத வேண்டும், அப்போதுதான் மெட்டு உருவாகும். அரசர் பட்டமேற்பிலும் பெரியவர்கள் சாவிலும் ஊதுவது. 2012-ல் யுனெஸ்கோ இதை உடனடியாகக் காக்க வேண்டிய கலை என்று பட்டியலில் சேர்த்தபோது முதிர்ந்த கலைஞர்கள் நாலு பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதற்காகச் சுரைக்கொடியையும் மறுபடி நடுகிறார்கள்.

இன்னொன்று எம்பைரே. தரையில் பள்ளம் தோண்டி, இரண்டு ஓரமும் வாழைத் தண்டைக் கிடத்தி, அதன் மேல் பெரிய மரக்கட்டைகளை வரிசையாக அடுக்கி, ஆறேழு பேர் இரண்டு பக்கமும் உட்கார்ந்து அடிப்பார்கள். பள்ளம்தான் அதிர்வுப் பெட்டி. பக்கத்தில் நின்றால் சத்தம் காதில் வருவதற்கு முன்னால் உள்ளங்காலில் வருகிறது.

பெயரை வைத்து என்ன தெரிந்துகொள்ளலாம்?

நிறைய. வாயிஸ்வா என்றால் இரட்டையரில் மூத்த பையன், டென்யுவா இளையவன். அவர்கள் அப்பா இசபிரியே, அம்மா நபிரியே. இரட்டையர் பிறந்த அன்றைக்கே பெற்றோரின் பெயரும் மாறிவிடும். குலப் பெயரும் முக்கியம், ஒரே குலத்துக்குள் கல்யாணம் கிடையாது. காதலைச் சொல்வதற்கு முன்னால் குலத்தைக் கேட்டுவிடு என்று இங்கே அம்மாக்கள் மகனுக்குச் சொல்கிறார்கள்.

முதல்முறை வருகிறேன், எப்படிப் பழகுவது?

வணக்கத்தை அவசரப்படுத்தாதீர்கள். 'கோதேயோ' என்று சொல்லிப் பழகுங்கள். வெளியே போய்த் திரும்பியவரை வரவேற்கிற சொல் அது, பொதுவான வணக்கமாகவும் சொல்வார்கள். வீடு எப்படி, பிள்ளைகள் எப்படி என்று கேட்டுவிட்டுத்தான் காரியம் பேச வேண்டும். பெண்கள் மண்டியிட்டு வணங்குவார்கள், முதல் தடவை நமக்குக் கூச்சமாக இருக்கும், அவர்களுக்கு அது மரியாதை. நன்றிக்கு 'வெபாலே இன்ஹோ', பல பேருக்கு அல்லது மரியாதைக்கு 'ம்வெபாலே இன்ஹோ'.

நேரம் சொல்வதில் மட்டும் கவனம். சூரியன் எழுந்ததிலிருந்து மணியை எண்ணுவார்கள். மூன்று மணி என்றால் காலை ஒன்பது, ஆறு மணி என்றால் நடுப்பகல். என்னை ஒரு அறிமுகக் கல்யாணத்துக்கு, அதாவது மாப்பிள்ளையைப் பெண் வீட்டாருக்கு அறிமுகம் செய்கிற விழாவுக்கு, எட்டு மணிக்கு வரச் சொன்னார்கள். காலை எட்டுக்கே போய் நின்றேன். வீட்டுப் பாட்டி வாசலில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் விழா என்று அப்புறம் புரிந்தது. பாட்டி முக்காலியைத் தள்ளிவிட்டு, ஒரு கத்தியையும் ஒரு கூடைக் கிழங்கையும் என் பக்கம் நகர்த்தினார்.